தவறினால் பண்டிதர்

எங்கள் நவ்டோல் கிராமத்தில் ஹேமபதி ஜாவை முகத்துக்கு நேரே 'பண்டிதரே' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'தவறினால் பண்டிதர்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பார்.

பெயர் வந்த காரணம் இதுதான். பூஜை எப்படிச் செய்வது, முகூர்த்தம் எப்போது என்று கேட்க யாரும் அவரிடம் போவதில்லை. செய்யக்கூடாததைச் செய்துவிட்டவன்தான் அவர் வாசலுக்குப் போவான். இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பான். அவர் நூல்களைக் கரைத்துக் குடித்தவர். 'இதைச் செய்யாதே' என்பது நூலில் ஒரு வரி. 'தவறினால்' என்று தொடங்குவது பக்கம் பக்கமாக இருக்கும். தவறினால் இது. அதையும் செய்யத் தவறினால் இது. அவர் வாழ்ந்ததெல்லாம் அந்தப் பக்கங்களில்தான்.

நான் லீலாகாந்த். பாடசாலையில் அவருக்கு இரண்டு வகுப்பு கீழே இருந்தேன். இலக்கணம் வந்த அன்று ஓடிவிட்டேன். என் மாந்தோப்பும் அவர் கொல்லையும் ஒட்டியிருப்பவை. அதனால் அவர் வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

குளக்கரையில் கோனர் மிஸ்ரா என்று ஒரு பண்டிதர் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். வயதில் மூத்தவர், வம்புக்காரர்.

"ஏன் ஹேமபதி, திருடாதேங்குது உன் நூல். அப்புறம், திருடறதா இருந்தா ஏழை வீட்டுல கை வைக்காதேங்குது. அப்போ பணக்காரன் வீட்டுல திருடச் சொல்லி உத்தரவா?"

"லீலா தோப்புல நின்னு மரத்துல ஏறாதேன்னு கத்தறான். ஏறிட்டா, காஞ்ச கிளையில கால் வைக்காதேன்னும் கத்தறான். அதுக்காக அவன் உங்களை ஏறச் சொன்னான்னு ஆகுமா?"

"ஏறினவன்கிட்ட இனிமே என்ன பேச்சு? விழட்டும்னு விடணும்."

"மொதல் கத்தலைக் கேட்டு நின்னவன் எவன் இருக்கான் இந்த ஊர்ல? எல்லாரும் மரத்து மேலதான் உக்காந்திருக்கோம். ரெண்டாவது கத்தல்தான் நமக்கு."

ஹேமபதி அப்படி வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர்தான். அவருடைய ஒரே மகள் அஹில்யா செத்த பிறகு குளக்கரைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

அஹில்யாவை ஆற்றுக்கு அக்கரையில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை ஷோபாநாத் சௌத்ரி சாது. கல்கத்தாவில் ஏதோ கம்பெனியில் உத்தியோகம். வீட்டை ஆண்டது அவன் அண்ணன் உக்ரநாத் சௌத்ரி. நிலம், யானை, பெரிய படகு எல்லாம் அவர் கையில். சொன்னால் சொன்னதுதான். தலைப் பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்புங்கள் என்று ஹேமபதி இரண்டு முறை நேரில் போய்க் கேட்டார். "எங்க வீட்டுல மருத்துவச்சி இல்லையா என்ன?" என்று உக்ரநாத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பூகம்பத்துக்கு முந்தின ஆவணி அது. கமலா ஆறு கரை தெரியாமல் ஓடியது. அஹில்யாவுக்கு வலி கண்டு, குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்தாள். தர்பங்காவில் வெள்ளைக்காரப் பெண் டாக்டர் இருந்தாள். வெள்ளத்தில் அங்கே போய்ச் சேரக்கூடிய படகு ஒன்றே ஒன்று. அது உக்ரநாத்தின் துறையில் தோரணம் கட்டி நின்றது, ஜன்மாஷ்டமிக்கு வரும் பாட்டுக் கோஷ்டியை ரயிலடியிலிருந்து கூட்டிவர.

படகோட்டி பிலட் சஹனி பிறகு எங்கள் ஊருக்கு வந்து இதைச் சொன்னான். வாசலில் நின்று, உள்ளே வராமல், தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

"நான் கயிறைக்கூட அவுத்துட்டேன் பண்டிதரே. சின்னம்மா கத்தறது துறை வரைக்கும் கேட்டுது. எஜமான் வந்து, கட்டுடான்னாரு. ரத்தம் பட்டா பாட்டுக்காரங்க அதுல எப்படி உக்காருவாங்கன்னாரு. அப்புறம் பாக்கலாம்னாரு."

பாட்டுக் கோஷ்டி வந்து இறங்கியபோது தாயும் பிள்ளையும் போய்விட்டிருந்தார்கள்.

ஹேமபதி அழுததை நான் பார்க்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் பண்டிதர்களைக் கூட்டினார். சிவன் கோயில் அரசமரத்தடியில் சபை. உக்ரநாத் செய்தது பெண்கொலை, அதற்குரிய பிராயச்சித்தத்தைச் சபை விதிக்க வேண்டும் என்றார்.

 கோனர் மிஸ்ராதான், பாவம், கண் கலங்கக் கேட்டார்.

"அவன் கை வைக்கலையே ஹேமபதி. விஷம் கொடுக்கலை, அடிக்கலை. படகு கொடுக்கலை. படகு கொடுக்காதவனைக் கொலைகாரன்னு சொல்ற வரி எங்கே இருக்கு? எங்களைவிட உனக்குத் தெரியும். நீயே சொல்லு. இருக்கா?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பொய் போதும். எவனும் ஏட்டைப் புரட்டிச் சரிபார்த்திருக்க மாட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லை."

மகளைக் கொன்றவனை அவர் வாயே விடுதலை செய்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி யோகமாயா, அண்ணி முறையில் நான் பௌஜி என்று கூப்பிடுகிறவள், ஒரு வார்த்தை கேட்டாள். சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

"இல்லைன்னா சொன்னீங்க?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. பல வருஷம் அப்படித்தான். ஹேமபதி மீன் சாப்பிடுவதை விட்டார். மைதில பிராமணன் மீனை விடுவது என்றால் உயிரில் பாதியை விடுவது. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ருசி தெரியற வாய் வேற எதையாவது மறந்துடும் லீலா" என்றார்.

*

பிறகு ஒரு வருஷம் கமலா மறுபடி கரையை உடைத்தது. உக்ரநாத் வீட்டு முற்றத்தில் மார்பளவு தண்ணீர். பெரிய படகை வாசலுக்கே கொண்டுவந்து ஏற்றினார்கள். பெண்கள், பிள்ளைகள், பெட்டிகள், நெல், கிராமபோன். தொழுவத்தில் கறவைப் பசு ஒன்று முளையில் கட்டியபடி நின்றது. அவிழ்த்துவிட்டிருந்தால் நீந்திப் போயிருக்கும். யாரும் அவிழ்க்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது கழுத்துக் கயிற்றோடு முளையடியில் ஊதிக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய தோஷம் கிடையாது. பசு தானாகச் செத்தால் வேறு. கட்டிய கயிற்றோடு செத்தால் கட்டியவன் கொன்றதாகக் கணக்கு.

உக்ரநாத் முதலில் மறைக்கப் பார்த்தார். வெள்ளத்தில் எவ்வளவோ மாடு செத்தது, இதுவும் ஒன்று என்றார். ஆனால் அவர் மகளுக்கு கார்த்திகைக்கு அடுத்து வரும் அகஹன் மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைப் பையனின் அப்பா சந்திரமணி மிஸ்ரா ஆசாரத்தில் கத்தி மாதிரி. அவர் காதுக்குச் செய்தி போய்விட்டது. பிராயச்சித்தம் ஆகாமல் என் ஆட்கள் உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று சொல்லியனுப்பினார். நீங்கள் வளைத்துப் போட்ட பண்டிதன் சொன்னால் போதாது, நவ்டோல் ஹேமபதி வாயால் வர வேண்டும், அந்த மனுஷன் சொந்த மகள் விஷயத்திலேயே பொய் சொல்லாதவன் என்றாராம்.

முதலில் காரியஸ்தன் வந்தான். ஒரு ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ரோகு மீன் ஒன்று, இரண்டு பானை தயிர், ஒரு கட்டு வெற்றிலை. பௌஜி மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அவன் தோளிலேயே மறுபடி போட்டாள்.

"உங்க எஜமான் படகுல வந்துதா இது? படகெல்லாம் இப்போ சுலபமாக் கிடைக்குது போலிருக்கே!"

ஹேமபதி உள்ளே இருந்தபடியே சொன்னார். "கேக்க வேண்டியவன் ஆள் அனுப்பக் கூடாது. குளிச்சு, ஈர வேட்டியோட, நடந்து, வாய் பேசாம சபைக்கு வரணும். அது விதி. சபை அடுத்த ஏகாதசிக்கு."

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே பௌஜி பேசினாள். பல வருஷத்துக்கப்புறம் அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அது. சுண்ணாம்பு கேட்க வந்த நான் கொல்லை வாசலில் நின்றுவிட்டேன்.

"சொல்லாதீங்க. தெரியாதுன்னு சொல்லிடுங்க. அவன் பொண்ணு கல்யாணம் நின்னு போகட்டும்."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டு சொல்லாதவன் தலையில பாதிப் பாவம்."

"வரட்டும். பாதியை நான் வாங்கிக்கறேன். எனக்கு என்ன பாக்கி இருக்கு கெட்டுப்போக?"

"சொல்லப் போறேன்" என்றார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சரியாச் சொல்லப் போறேன்."

பௌஜி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு கரண்டி தயிரை அவர் இலையில் விட்டாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தோப்பில் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, நீங்க இதுல உக்காரலாமா? உங்க மனசுல இருக்கறது ஊருக்கே தெரியும்."

"உக்காரக் கூடாது" என்றார் உடனே. "வெறுப்போட இருக்கறவன் விதி சொல்லக் கூடாது. அது மொதல் படி. நான் வெறுப்போட இருக்கேன். சரி, அப்போ சபையை விட்டு விலகணும். அது ரெண்டாவது படி. நான் விலகப் போறதில்லை."

"அப்புறம்?"

"விலகாதவனுக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு எழுத்து கூட்டாம, ஒரு எழுத்து குறைக்காம சொல்லணும். அந்த மூணாவது படியில நிக்கறேன். அதுக்கும் கீழ இறங்க மாட்டேன். கத்தியை எடுத்தவன் நேரா வெட்டணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு விழுந்து கிடந்த ஒரு மாவிலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

*

ஏகாதசி அன்று அரசமரத்தடியில் மூன்று கிராமத்து ஜனம். உக்ரநாத் ஈர வேட்டி உடம்போடு ஒட்ட, யானையில் வந்து பழகிய காலால் சேற்றில் நடந்து வந்து நின்றார். நல்ல ஆகிருதி. ஐம்பதைத் தொடாத வயது. ஹேமபதி நடுவில், கோனர் மிஸ்ரா வலப்பக்கம், இன்னும் ஒருவர் இடப்பக்கம்.

"செஞ்சதை உங்க வாயால சொல்லணும்" என்றார் ஹேமபதி.

"என் பசு வெள்ளத்துல செத்துப்போச்சு."

"அது பசு செஞ்சது. நீங்க செஞ்சது?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உக்ரநாத்தின் கழுத்து சிவந்தது. "வேலைக்காரன் அவுக்க மறந்துட்டான்."

"பசு யாருது?"

"என்னுது."

"வீட்டு வாசல்ல படகு இருந்துதா?"

"இருந்துது."

"யார் படகு?"

"என்னுது."

"அதுல என்னென்ன ஏத்தினீங்க?"

"ஜனங்க. பெட்டி. நெல்லு." கொஞ்சம் நிறுத்தி, "கிராமபோன்" என்றார். எவனோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தான்.

"பசு கத்திச்சா?"

உக்ரநாத் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

"கத்தினது உங்களுக்குக் கேட்டுதா? சபையில மறைச்சா பிராயச்சித்தம் பலிக்காது. உங்க இஷ்டம்."

"கேட்டுது."

"யாராவது சொன்னாங்களா, எஜமான், பசு கத்துதுன்னு?"

"சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

உக்ரநாத் அப்போதுதான் புரிந்துகொண்டார். ஹேமபதியை நேராகப் பார்த்தார். நான் அந்தப் பார்வையை மறக்க மாட்டேன். கிணற்றுக்குள் பாதி இறங்கியவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விடலாம். போனால் மகள் கல்யாணம் இல்லை.

"அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன்."

"இப்போ எல்லாத்தையும் சேத்துச் சொல்லுங்க. மூணு தடவை சொல்லணும். சபைக்குக் கேக்கற மாதிரி."

"படகு என்கிட்ட இருந்துது. கத்தினது கேட்டுது. அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன்."

இரண்டாவது முறை சொன்னபோது குரல் கரகரத்தது. மூன்றாவது முறை சொன்னபோது ஓரத்தில் நின்ற பிலட் சஹனி 'ஐயோ சின்னம்மா' என்று உரக்க அழுதுவிட்டான். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பி, எந்தச் சின்னம்மா என்று கேட்கவில்லை.

கோனர் மிஸ்ரா தொண்டையைக் கனைத்தார். "சரி, சொல்லிட்டார். பெரிய மனுஷர். விரதத்துக்குப் பதிலா பசு தானம் கொடுத்துடலாமே. மாற்று விதி இருக்கே."

"இருக்கு. நோயாளிக்கு, கிழவனுக்கு, குழந்தைக்கு. போன சித்திரையில இவர் தன் மல்லர்களோட குஸ்தி போட்டதை ஊரே பாத்துது."

"ஹேமபதி..."

"நான் சொல்றதுல ஒரு எழுத்து நூல்ல இல்லைன்னா சொல்லுங்க. எடுத்துடறேன். இதே மரத்தடியில என்னை நீங்க கேட்டீங்க. நான் உள்ளதைச் சொன்னேன். இப்போ நான் உங்களைக் கேக்கறேன். இருக்கா, இல்லையா?"

கோனர் மிஸ்ராவின் தலை கவிழ்ந்தது. "இருக்கு" என்றார்.

ஹேமபதி விதித்தார். செத்த பசுவின் கயிறு எதுவோ அதே கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். அமாவாசை முதல் பௌர்ணமி வரை பேச்சுக் கிடையாது. பசு மாதிரி கத்தித்தான் பிச்சை கேட்க வேண்டும். கிராமம் கிராமமாக வாசல் வாசலாகப் போய், கிடைத்ததை உண்டு, தொழுவத்தில் படுக்க வேண்டும். பிச்சை போடுகிறவர் போட்டு முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் முதலிலிருந்து.

*

அந்த அரை மாதம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் திருவிழா. எதிரே கண்ணை உயர்த்திப் பார்க்கப் பயந்த குடியானவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். "என்ன வேணும்? சத்தமாக் கேக்கலையே!" என்பார்கள். அவர் கத்துவார். "சினை மாடா, கறவை மாடா?" என்பான் ஒருவன். நாவிதன் ஜங்லி, அவர் கையால் அறை வாங்கி ஒரு காது மந்தமானவன், வைக்கோலைக் கொண்டுவந்து முன்னால் போட்டான். விதிப்படி கிடைத்ததை மறுக்கக் கூடாது. உக்ரநாத் குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

எங்கள் ஊருக்கு வந்தார். ஹேமபதி வாசலைத் தவிர எல்லா வாசலுக்கும் போவார் என்று முன்பே பேச்சு வந்துவிட்டது.

பௌஜி கணவனைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பிச்சை வாங்கலைன்னா விரதம் முடியாதுன்னு சொல்லியனுப்புங்க."

"அப்படி விதி இல்லை."

"உங்க விதி! என் பொண்ணுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

"இல்லாததை நான் சொல்ல மாட்டேன், யோகமாயா. சொன்னா அவன் தப்பிச்சுடுவான். எல்லாம் பொய்யின்னு ஆயிடும்."

அவள் ஒரு முறத்தில் அவலை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக என் வீட்டுக்கு வந்து, என் மனைவியை ஒதுக்கிவிட்டு, என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். உக்ரநாத் தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கத்திக்கொண்டு வந்து, என் வாசலில் நின்று, துண்டை விரித்தார். பிறகுதான் எதிரில் இருப்பது யார் என்று பார்த்தார்.

"வாங்க சம்பந்தி" என்றாள் பௌஜி. தெருப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கறீங்க? சம்பந்தி வீட்டுக்கு வந்தா வசைப்பாட்டு பாடறது இல்லையா? பாடுங்கடி!"

யாரோ ஒருத்தி ஆரம்பித்தாள். கல்யாணப் பந்தியில் சம்பந்தியின் அம்மாவைக் கழுதைக்குக் கட்டிவைக்கிற பாட்டு. அஹில்யா கல்யாணத்தில் இதே பெண்கள் இதே மனிதருக்குப் பாடியது. இரண்டு அடி போனதும் பாட்டு நின்றுவிட்டது.

பௌஜி முறத்திலிருந்து ஒரு சிட்டிகை அவல் எடுத்து அவர் துண்டில் போட்டாள்.

"இது, அவ பொறந்தன்னிக்கு. கார்த்திகை. நல்ல குளிர்."

இன்னொரு சிட்டிகை.

"இது, அவளுக்கு மொதப் பல்லு மொளைச்சப்போ. என் தோள்ல கடிச்சா."

உக்ரநாத் நகரப் பார்த்தார். நகர முடியாது. முறம் நிறைய அவல் இருந்தது. புரட்டாசி வெயில் உச்சியில் நின்றது.

அவள் நிதானமாகப் போட்டாள். ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஒரு விஷயம். அஹில்யா சுவரில் தாமரையும் மீனும் எழுதுவாள் என்றாள். இருட்டுக்குப் பயப்படுவாள் என்றாள். உங்கள் வீட்டிலிருந்து முதல் முறை வந்தபோது, 'அம்மா, அங்கே எல்லாரும் சாப்பிட்ட பிறகு கேட்கிறார்கள் நான் சாப்பிட்டேனா என்று' என்று சொல்லிச் சிரித்தாள் என்றாள். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. அழவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் குசலம் பேசுகிற மாதிரிப் பேசினாள். 

முறத்தின் அடியைத் தட்டினாள்.

"இது கடைசி. அவ கத்தினது உங்களுக்குக் கேட்டுது இல்லே? எனக்குக் கேக்கலை. நான் இந்தக் கரையில இருந்தேன். எப்படிக் கத்தினா? ஒரு தடவை கத்திக் காட்டுங்க. நான் கேக்கறேன்."

அவருக்குப் பேச்சு இல்லை. கத்தத்தான் விதி. அவர் வாயைத் திறந்தார். வந்த சத்தம் மாடு கத்துகிற மாதிரி இல்லை. மனிதன் கத்துகிற மாதிரியும் இல்லை. பௌஜி கண்ணை மூடி அதைக் கேட்டாள். முடிந்ததும் எழுந்து முறத்தை உதறினாள்.

"சாப்பிடுங்க. மிச்சம் வைக்காதீங்க."

ஹேமபதி தன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் உள்ளே போகும்போது வழி விட்டார். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இரண்டு குரலும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை.

*

உக்ரநாத் விரதத்தை முடித்தார். மகள் கல்யாணம் நடந்தது. சந்திரமணி மிஸ்ரா வயிறாரச் சாப்பிட்டார். உக்ரநாத் அதனால் நல்லவராகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷமே ஹேமபதியின் சின்னத் துண்டு நிலத்துக்கு வரும் வாய்க்காலை அடைத்தார். செத்துப்போகும்வரை அந்த வெறுப்பைக் கைவிடவில்லை. ஆனால் பழைய அதட்டல் போய்விட்டது. எந்தப் பஞ்சாயத்திலாவது குரலை உயர்த்தினால், கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு 'ம்மா' வரும். யார் என்று தெரியாது. உட்கார்ந்துவிடுவார்.

ஹேமபதி கதைக்கு வருகிறேன். பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததும் அவர் ஆற்றங்கரைக்குப் போனார். நான் கூடப் போனேன்.

"இப்போ என் முறை" என்றார். "வெறுப்போட விதி சொன்னவன் இனிமே சபையில உக்காரக் கூடாது. உக்கார மாட்டேன். ஒரு மாசம் வாற்கோதுமைக் கஞ்சி. தெனம் கழுத்தளவு தண்ணியில நின்னு, செஞ்சதுக்கு வருந்தறேன்னு சொல்லணும்."

"வருத்தமா இருக்கா அண்ணா?"

"தண்ணியில எறங்கிப் பார்க்கறேன்."

ஒரு மாசம் இறங்கினார். நீச்சல் தெரியாத மனிதர், கரையோரம் முளையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மந்திரமெல்லாம் கணீரென்று வரும். அந்த ஒரு வரி வரும் இடத்தில் வாய் நின்றுவிடும். காத்திருப்பார். உதடு நீலம் பாரிக்கும். ஏறி வந்துவிடுவார்.

"சும்மா வாயால சொல்லிட்டு வாங்களேன்" என்றேன் ஒரு நாள், குளிரில் அவர் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல்.

"வருந்தாம வருந்தறேன்னு சொல்றது பொய். அதுக்கு வேற பிராயச்சித்தம் இருக்கு லீலா. அதுக்கும் கடைசியில வருந்தணும்." பல் கிடுகிடுக்கச் சிரித்தார். "எந்தப் படியில எறங்கினாலும் கீழே அந்த ஒரு வார்த்தைதான் உக்காந்திருக்கு."

வீட்டு வாசலில் பௌஜி உலர்ந்த துணியோடு நிற்பாள். "சொல்லிட்டீங்களா?" என்பாள். இவர் இல்லை என்று தலையசைப்பார். "சொல்லாதீங்க. சொல்லிட்டு வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன்" என்று தலையைத் துவட்டிவிடுவாள்.

சபைக்கு அவர் மறுபடி போகவில்லை. கன்று செத்துப்போய் அழுதுகொண்டு வந்த ஒரு ஏழைப் பெண்ணைக்கூடக் கோனர் மிஸ்ராவிடம் போகச் சொல்லிவிட்டார். அவள் திட்டிக்கொண்டே போனாள். சுற்று வட்டாரத்தில் விதி சொல்லச் சரியான ஆள் இல்லாமல் போனது. ஜனங்களுக்கு அது பெரிய நஷ்டம்தான். அவருக்கும் தெரியும். உள்ளே உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார்.

பௌஜி முந்திப் போனாள். பிறகு இரண்டு மழைக்காலம் தாண்டினார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, முற்றத்தில் துளசியடியில் கிடத்தியிருந்தோம். மருமகன் ஷோபாநாத் கல்கத்தாவிலிருந்து வந்திருந்தான். அவன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. புரோகிதர் சாகிறவன் கையில் பசுவின் வாலைக் கொடுத்துச் சொல்லவைக்கும் சங்கல்பத்தை ஆரம்பித்தார்.

"தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது, மனசால, வாக்கால, உடம்பால செஞ்ச எல்லாப் பாவத்துக்கும் வருந்தி..."

ஹேமபதி வாலைப் பிடித்திருந்த கையை விட்டார். மூச்சு வாங்கியது. குனிந்து காது கொடுத்தேன்.

"எல்லாத்துக்கும்னு சொல்ல வேண்டாம்னு சொல்லு லீலா. ஒண்ணை விட்டுட்டுச் சொல்லச் சொல்லு."

புரோகிதர் என்னைப் பார்த்தார். அப்படி மந்திரத்தில் இடம் கிடையாது என்றார். ஷோபாநாத் தரையிலிருந்து நிமிர்ந்தான். வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாதவன்.

"விட்டுட்டே சொல்லுங்க" என்றான்.

புரோகிதர் ஒன்றைக் கழித்துச் சொன்னார். ஹேமபதி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, சரியாக இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு, வாலைப் பிடித்துக்கொண்டார்.